பள்ளத்துக் காட்டின் எல்லைக் கல்

பட்டியலை மூட இன்னும் இருபத்திரண்டு மணி நேரம் இருந்தது. காசிமிராவிடம் ஏழரை ஹெக்டேர் காடு இருந்தது. நகராட்சியின் பட்டியலில் சேரப் பத்து வேண்டும்.

கீழே நகரத்தில் ஒவ்வொரு வீடும் தண்ணீர்க் கட்டணத்தோடு கொஞ்சம் சேர்த்துக் கட்டுகிறது. மலையில் காட்டை வெட்டாமல், மாடு விடாமல் காப்பவர்களுக்கு நகராட்சி அதிலிருந்து தேனீப் பெட்டியும் முள்கம்பியும் தருகிறது. காடு இருந்தால் மேகம் நிற்கும். மேகம் நின்றால் ஓடை வற்றாது. ஆப்ரா சிக்காவில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேகத்தை அவித்துத் தின்ன முடியுமா என்று காசிமிராவின் மகன் கேட்டான். இந்த வருஷமும் பெட்டி வராவிட்டால் ஆகஸ்டில் காட்டை வெட்டி உருளைக்கிழங்கு போடுவது என்று முடிவாகியிருந்தது. அவளும் தலையாட்டிவிட்டாள். தலையாட்டிய நாள் முதல் காட்டுப் பக்கம் போகவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

பள்ளத்துக் காடு மூன்று ஹெக்டேர். முப்பத்தெட்டு வருஷமாக அதற்கு வேலி போட்டு வருவது அவள் குடும்பம். பத்திரம் மட்டும் பக்கத்து நிலத்துக்காரர் எதெல்வீனோவின் அப்பா பெயரில் இருந்தது. எதெல்வீனோவுக்கு மேட்டில் எட்டு ஹெக்டேர் உண்டு. பள்ளம் யார் கணக்கில் சேர்கிறதோ அவர் பத்தைத் தாண்டிவிடுவார்.

நகராட்சியிலிருந்து நைதா வந்திருந்தாள். வனவியல் படித்தவள், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். பத்திரத்தைப் பார்த்துவிட்டு, எதெல்வீனோ கையெழுத்துப் போட்டால் போதும் என்றாள். கூடவே படிவத்தில் ஒரு கட்டத்தையும் நிரப்ப வேண்டும்: நிலம் கை மாறியது எப்படி?

எதெல்வீனோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். காடு காசிமிராவுடையதுதான், அதில் தனக்குச் சந்தேகமில்லை என்றார். கையெழுத்தும் போடத் தயார். அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட முடியுமா?

முடியாது என்றாள் நைதா. காலியாக விட்டால் நகராட்சி வக்கீல் திருப்பி அனுப்பிவிடுவார். விற்றதா, தானமா, சீதனமா? எதெல்வீனோ மூன்றுக்கும் தலையசைத்து மறுத்தார். நைதா காசிமிராவைப் பார்த்தாள். காசிமிரா தூரத்து மரப்பெரணியைப் பார்த்தாள்.

அவளுக்குத் தெரியும். ஆனால் அது மாதிரி கை மாறிய நிலத்தைப் பற்றி வாங்கியவர் வாய் திறக்கக் கூடாது, கொடுத்தவரோ அவர் வாரிசோதான் சொல்ல வேண்டும் என்பது ஆப்ரா சிக்காவின் வழக்கம். எதெல்வீனோவின் அப்பா சொல்லாமலே செத்துப்போனார். அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எதெல்வீனோவுக்கு நேரம் போவதே தெரியாது. சாந்தியாகோ திருவிழாவில் அவர் ஜெயிக்காத ஆட்டமே கிடையாது என்று வருஷா வருஷம் சிச்சா என்னும் சோளக் கள்ளுக் குவளையோடு எழுந்து நின்று சொல்வார். காசிமிராவும் வருஷா வருஷம் கை தட்டுவாள்.

சரி, எல்லையையாவது அளந்துவிடலாம் என்றாள் நைதா. மூவரும் பள்ளத்தில் இறங்கினார்கள். பாசி படர்ந்த கிளைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வழியில் கரடிகள் கிழித்துத் தின்னும் காட்டு அன்னாசிச் செடி ஒன்று கிழிந்து கிடப்பதைக் கண்டு, கரடி வந்திருக்கிறது என்று நைதா குதூகலமாகப் படம் எடுத்தாள்.

“கரடி போன மாசம் என் சோளத்தையும் தின்னுச்சு. அதுக்கும் ஒரு பெட்டி குடுங்க, இஞ்சினியரம்மா. அதுவும் காட்டைக் காப்பாத்துதுல்ல?” என்றார் எதெல்வீனோ.

“அதுக்குப் பத்து ஹெக்டேர் இருக்கு, கொம்பாத்ரே. உங்களுக்குத்தான் இல்ல,” என்றாள் காசிமிரா. எதெல்வீனோ அவள் மகனுக்கு ஞானத்தகப்பன். இப்படிப் பேச அவளுக்கு உரிமை இருந்தது.

எல்லைக் கல் ஓடையோரம் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது. அளவுக் கருவியை மேலே வைக்க நைதா அதை நிமிர்த்தினாள். அடியில் துருப்பிடித்த மத்தி மீன் டப்பா ஒன்று இருந்தது. உள்ளே துணியில் சுற்றி ஒரு எலும்பு.

நைதா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நகரத்தில் பிறந்தவள். “மாட்டோட கணுக்கால் எலும்பு. ஆனா ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு அடிச்சிருக்கு. லாடத்தை எலும்புலயே அடிக்கிறது எந்த ஊர் வழக்கம்?”

காசிமிரா உதட்டைக் கடித்துக்கொண்டாள். தன் அப்பா இதை இங்கே புதைத்தது அவளுக்குத் தெரியாது. சிரிப்பு தொண்டை வரை வந்தது. இதோ, ஒரு வாக்கியம் சொன்னால் காடு பிழைத்துவிடும். அவளோ குனிந்து, ஓடையில் கை கழுவ ஆரம்பித்தாள். கழுவ ஒன்றும் இல்லாத கையை நெடுநேரம் கழுவினாள்.

எதெல்வீனோ எலும்பைக் கையில் வாங்கினார். எடை பார்ப்பது போல் இரண்டு முறை தூக்கிப் பிடித்தார். கட்டைவிரல் தானாகப் போய் அதற்குரிய குழியில் உட்கார்ந்தது.

“ஒவ்வொரு திருவிழாவுக்கும் நான் பேசினப்ப கை தட்டினீங்களே, கொமாத்ரே.”

“நல்லாத்தானே பேசினீங்க.”

“நாளைக்கு மத்தியானம் வரைக்கும்கூட சொல்லியிருக்க மாட்டீங்க, இல்லையா?”

“சொல்ல வேண்டியது நான் இல்லையே.”

எதெல்வீனோவின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்து நைதா பதறிப்போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். காசிமிராவாலும் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. ஒன்றும் புரியாமலே நைதாவும் சிரித்தாள்.

பிறகு அவர் தொப்பியைக் கழற்றி எல்லைக் கல்லின் மேல் வைத்தார். திருவிழாவில் நிற்பது போலவே நிமிர்ந்து நின்றார்.

“எழுதிக்குங்க, இஞ்சினியரம்மா. பேனாவை நல்லா அழுத்தி எழுதுங்க. இந்த எலும்பை வீசித்தான் நாங்க சூதாடுவோம். எங்கப்பா இந்தக் காட்டைப் பந்தயம் வெச்சு வீசினாரு. அதிர்ஷ்டப் பக்கம் விழல. குண்டிப் பக்கம் மேல வந்துச்சு. எங்கப்பா தோத்துட்டாரு.”