அழித்துவிட்ட எட்டு வினாடி

கோல்பி ஒரே ஒரு தடவை எட்டு வினாடி காளை மேல் உட்கார்ந்துவிட்டால் போதும், சவாரிக் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். குழந்தை பிறப்பதற்குள் அவன் பழைய வேலைக்குத் திரும்பிவிட வேண்டும். எங்களுக்குள் இதுதான் பேச்சு. இதுவரை இருபத்திரண்டு காளைகள் மேல் ஏறிவிட்டான். ஒன்றுகூட அவனை எட்டு வினாடி வைத்துக்கொள்ளவில்லை.

குற்றம் என் பேரில்தான். என் அப்பா ரோடியோக்களுக்கு, அதாவது துள்ளும் காளை மேல் எட்டு வினாடி தாக்குப்பிடிக்கும் போட்டிகளுக்கு, காளை வளர்த்து அனுப்புகிறவர். எங்கள் பண்ணைத் தொட்டியில் எரிவாயு நிரப்ப லாரி ஓட்டி வந்தவன் கோல்பி. "லாரி மேல இவ்வளவு ஜம்பமா உக்காந்திருக்கியே, எங்க மாட்டு மேல உக்காருவியா?" என்று வாயைக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. ஓக்லஹோமாவில் மற்ற பிள்ளைகள் ஐந்து வயதில் செம்மறி ஆட்டின் மேல் ஏறிப் பழகுவார்கள். இவன் இருபத்தாறு வயதில் நேராகக் காளை மேல் ஏறினான். இரண்டாவது வினாடியில் சாணியில் கிடந்தான். எழுந்து சிரித்தான் பாருங்கள், அந்தச் சிரிப்பில் விழுந்தவள் நான்.

ஒன்றரை வருஷமாகப் பிக்கப் வண்டிதான் குடித்தனம். பெட்ரோல் பங்கில் பல் தேய்த்து, அங்கேயே பரிட்டோ வாங்கித் தின்று, ஊர் ஊராக ஓட்டம். எந்த ஊரில் எந்த நாள் போட்டி என்று பார்த்து, போனில் அவன் பெயரைக் கொடுப்பதும் நான்தான். இப்போது எனக்கு ஐந்து மாதம். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் கால் தானாக ஆடுகிறது.

அந்தச் சனிக்கிழமை மதியம் அவனுக்குச் சீட்டில் விழுந்தது அப்பாவின் காளை; அதற்குச் சண்டே ஸ்கூல் என்று பெயர். காளையை அடைத்த கூண்டுக்குப் பின்னால் கோல்பி, பிடி வழுக்காமல் இருக்கக் கயிற்றில் பிசின் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தான். அவனுக்கு எப்போதும் கயிறு இழுத்து இறுக்கிக் கொடுக்கும் வெஸ்டன் சும்மா இருக்கவில்லை.

"இருபத்திரண்டு தடவையும் என்ன சொன்னே? கயிறு சரியில்ல, கையுறை சரியில்ல, வெயில் கண்ணுல பட்டுச்சு. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்."

"நீ இழு. பேசாதே."

நான் கம்பி வழியாகக் குனிந்து சொன்னேன். "மண்ணைப் பாக்காதே. மண்ணைப் பாத்தா மண்ணுலதான் விழுவே. மாட்டுத் திமிலையே பாரு."

"தெரியும் டெஸ்ஸா."

"இருபத்திரண்டு தடவையும் தெரியும்னுதான் சொன்னே."

காளை மேல் இறங்கி உட்கார்ந்து, கதவைத் திறக்கச் சொல்லித் தலையை ஆட்டினான். கதவு திறந்தது.

சண்டே ஸ்கூல் இரண்டு துள்ளு துள்ளியது. அதற்குப் பிறகு, ஐயோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பால் கறக்கப் போகும் பசு மாதிரி வேலியோரமாக ஓடியது. கோல்பி முகவாயை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, ஒரு கையைக் காற்றில் தூக்கியபடி உட்கார்ந்தே இருந்தான். மணி அடித்தது. எட்டு வினாடி.

எனக்கு அழுகை வந்துவிட்டது. முடிந்தது, வீடு, கட்டில், கதவு வைத்த குளியலறை என்று மனசு ஓடியது.

நடுவர் கையில் அட்டையோடு வந்தார். "நூத்துக்கு ஐம்பத்தெட்டு. மார்க்குல பாதி மாட்டோடது, தெரியும்ல. உனக்கு முப்பத்தெட்டு, மாட்டுக்கு இருபதுதான். மாடு ஆடவே இல்ல. வேணும்னா வேற மாடு தரேன். எடுத்தா இந்த மார்க் அழிஞ்சிடும், இந்தச் சவாரியே நடக்கலைன்னு அர்த்தம். இப்பவே சொல்லணும்."

கோல்பி என்னைப் பார்த்தான்.

எங்கள் மாட்டுக்கு இருபது. எதிர்ப்பக்கம் அப்பா தொப்பியைக் கழற்றி இல்லாத தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டாம். ஓடுகிற பசு மேல் உட்கார்ந்ததைச் சவாரி என்று காலமெல்லாம் சொல்லிக்கொள்வதா? யோசிக்கவே இல்லை, வேறு மாடு எடு என்று தலையை ஆட்டினேன்.

அவன் முகம் ஒரு கணம் தொங்கிப்போனது. பிறகு நடுவரிடம், "எடுத்துக்கறேன்" என்றான்.

மாற்றுக் காளையின் பெயர் சம்மட்டி. பெயருக்கேற்ற மாடு. கதவைத் தாண்டியதும் இடப்பக்கம் சுழன்றது, சுழன்றுகொண்டே உதைத்தது. கோல்பி இதுவரை அப்படி உட்கார்ந்ததே இல்லை. ஐந்து, ஆறு, ஏழு. அப்போதுதான் அவன் மண்ணைப் பார்த்தான்.

ஏழு புள்ளி மூன்று வினாடி. மார்க் ஒன்றுமில்லை.

வண்டியின் பின்பலகையில் உட்கார்ந்து அவன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டேன். அவன் என் கையை விலக்கினான்.

"நான் உன்னை எதுக்குப் பாத்தேன் தெரியுமா? 'போதும், வீட்டுக்குப் போலாம்'னு உன் வாயால கேக்கணும்னு. எனக்குப் பயமா இருக்கு டெஸ்ஸா. பிள்ளை வரப்போகுதுன்னு தெரிஞ்சதுலேருந்து ஒவ்வொரு தடவையும் பயமா இருக்கு."

எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம். கம்பித் தூரிகையை எடுத்து அவன் கயிற்றில் காய்ந்த பிசினைச் சுரண்ட ஆரம்பித்தேன். கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

"சரி விடு. அடுத்ததுக்கு இன்னும் எங்கேயும் பேர் கொடுக்கலைல்ல? ஒரு வாரம் உங்க அப்பா வீட்டுல இருந்து யோசிப்போம்" என்றான்.

தூரிகை நின்றது. பொய் சொல்லலாம்தான். வரவில்லை.

"கொடுத்துட்டேன். வியாழக்கிழமை, போன்கா சிட்டி."

"எப்போ?"

"காலையில. நீ முகம் கழுவப் போனப்ப."

சவாரிக்கு முன்னால் என்பது அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"அப்போ இன்னிக்கு நான் உக்காருவேன்னு நீ நம்பவே இல்ல."

"நம்பினேன்" என்றேன். "அதனாலதான் கொடுத்தேன். நீ உக்காந்துட்டா ஓட்டம் நின்னுடுமே."