முன்சில்லில் இனி மாற்ற ஒன்றுமில்லை

கல்முனையில் கார் ஓட்டுகிறவனுக்கு ஸ்டியரிங் தேய்ந்தது லேசில் தெரியாது. தெரிந்தாலும் கவலைப்பட மாட்டான். பொத்துவில் பக்கம் தெரு நேராகக் கிடக்கிறது; மேடுமில்லை, மலையுமில்லை. இரண்டு விரற்கடை திருப்பிய பிறகுதான் சில்லு திரும்பும் என்றால், இரண்டு விரற்கடை முன்கூட்டியே திருப்பிவிட்டுப் போகிறோம். இந்தக் கரையில் பாதிப் பழைய கார்கள் அப்படித்தான் ஓடுகின்றன. என்னுடையதும் அப்படித்தான் ஓடியது.

கராஜ் வைத்திருக்கும் முஸ்தாக் ஒவ்வொரு முறை ஒயில் மாற்றும்போதும் முன்சில்லை ஜெக்கில் தூக்கி, இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிக் காட்டுவான். டக் டக் என்று சத்தம் வரும்.

"காக்கா, சில்லத் திருப்புற முட்டு ரெண்டும் தேஞ்சி போச்சி. கழண்டா சில்லு ஒரு பக்கம் போகும், நீங்க ஒரு பக்கம் போவீங்க. மாத்துவமா?"

"நோன்பு முடியட்டும்டா," என்பேன். நோன்பு முடிந்ததும் ஹஜ்ஜுப் பெருநாள் முடியட்டும் என்பேன். எனக்கு மீன்வலைக் கடை. கடையைப் பூட்டிவிட்டுக் கராஜில் குந்தியிருக்க எந்த வியாபாரிக்கு மனம் வரும்?

பிறகு என் மனைவி பாஹிமாவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று சொன்னார்கள். அதன் பின் காருக்கு ஓய்வு கொடுக்க வழியே இல்லை. மருந்தேற்றக் கண்டிக்குப் போக வேண்டும். மஹியங்கனை தாண்டினால் பதினெட்டு வளைவு. எங்கள் நேர்த் தெருவில் ஒளிந்து கிடந்த பழுதெல்லாம் அங்கே வெளியே வரும். ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங் ஒரு கணம் என் கையில் சும்மா சுற்றும். அந்த ஒரு கணத்தில் எனக்கு உயிர் போய் வரும். பாஹிமா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள், ஒரு சொல் சொல்ல மாட்டாள். திரும்பி வரும்போது பொலித்தீன் பையை வாயருகே பிடித்தபடியே வருவாள்.

நாலாவது தடவைக்குப் புறப்படுகிற நேரத்தில்தான் வாய் திறந்தாள்.

"இஞ்ச பாருங்க, இந்த ஸ்டியரிங்கோட நான் இனி மலை ஏற மாட்டன். சத்தம் கேக்குது. எனக்குப் பயமா இரிக்கி."

எனக்குச் சுருக்கென்றது. மூன்று தடவை இந்த உயிரை அந்த வளைவுகளில் ஏற்றி இறக்கியிருக்கிறேனே! ஆஸ்பத்திரிக்கு டெலிபோன் பண்ணி அடுத்த கிழமைக்கு மாற்றினேன். காரை அன்றே முஸ்தாக்கிடம் விட்டேன்.

அவன் தேய்ந்த முட்டு இரண்டையும் கழற்றிப் புதிது போட்டான். பாஹிமாவை ஏற்றிக்கொண்டு சாய்ந்தமருது கடற்கரைத் தெருவில் ஒரு சுற்று வந்தேன்.

"இன்னமும் கேக்குது," என்றாள்.

முஸ்தாக் உள்ளே இருந்த முட்டுகளையும் மாற்றினான். மறுபடி ஒரு சுற்று.

"கேக்குதுதானே? உங்களுக்குக் காது அடச்சிப் போச்சி, கடையில கத்திக் கத்தி."

எனக்கும் கேட்கவில்லை, முஸ்தாக்குக்கும் கேட்கவில்லை. ஆனால் நோயாளி சொல்லும்போது எப்படித் தட்டுவது? "முழு ஸ்டியரிங் ரேக்கையும் மாத்தினா ஒரு கதையும் இல்ல காக்கா. ஆனா கொழும்பிலருந்துதான் வரோணும்," என்றான் முஸ்தாக். வரட்டும் என்றேன். கண்டி நாளைத் திரும்பவும் தள்ளிப் போட்டேன். டெலிபோனில் ஆஸ்பத்திரி நேர்ஸ் பிள்ளை, கூடுதலாகத் தள்ளக்கூடாது என்று கடுமையாகச் சொன்னாள். கார் சரியானதும் வந்துவிடுகிறோம் என்று கெஞ்சினேன்.

மருந்து ஏறாத அந்த நாட்களில் பாஹிமா கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய பாஹிமா ஆனாள். சோறு தின்றாள். மீன்காரனோடு சண்டை பிடித்தாள். மகள் நப்லாவின் ஆணத்தில் உப்பில்லை என்று குறை சொன்னாள். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து குடியேற வேண்டும். அதை வைத்து ஆயுள் முழுக்க என்னைச் சீண்டியவள் மறுபடி தொடங்கினாள்.

"வீடு என்ட உம்மா தந்த. நீங்க கொண்டு வந்த சீதனம் அந்தக் கார் ஒண்டுதான். அதயாவது ஒழுங்கா வெச்சிருங்களன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம்! ஏறிய மருந்து வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ஆள் தேறிவிட்டாள் என்று சொன்னேன். நன்றி சொல்லி அல்லாஹ்வுக்கு ஸுஜூதும் செய்தேன்.

ரேக் வந்தது. முஸ்தாக் பூட்டி முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"காக்கா, முன்சில்லில இனி மாத்த ஒண்டுமில்ல. இனியும் சத்தம் கேட்டா டிரைவரத்தான் மாத்தோணும்."

அஸர் தொழுதுவிட்டுப் பாஹிமாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். காரைதீவு, நிந்தவூர் கழிந்து வயல் வெளி வந்தது. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் காட்டினேன்.

"பாத்தியா புள்ள? நூல் புடிச்ச மாதிரிப் போகுது. வாற கிழமை கண்டிக்குப் போவம்."

"காரக் கொஞ்சம் நிப்பாட்டுங்க."

சத்தி வருகிறதாக்கும் என்று ஓரம் கட்டிப் பையைத் தேடினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சத்தம் ஒரு நாளும் கேக்கல்லங்க."

எனக்கு விளங்கவில்லை.

"நான் இனிக் கண்டிக்கு வர மாட்டன். நோவு குறையல்ல, உங்களுக்குக் காட்டாமப் பல்லக் கடிச்சிக்கிட்டு இரிக்கன். அந்த மருந்து ஏறினா எனக்கு உங்கட முகமும் விளங்குறல்ல. அப்பிடிக் கிடந்து ரெண்டு மாசம் கூடக் கிடைச்சி நான் என்ன செய்யிற? கார் கராஜில நிண்டாப் போகத் தேவல்லதானே. அதான் சொன்ன."

"நேராச் சொல்லியிருக்கலாமே புள்ள."

"சொன்னா நீங்க அழுவீங்க. நீங்க அழுதா நான் கண்டிக்குப் போவன்."

நான் ஏற்கெனவே அழுதுகொண்டிருந்தேன். கோபமும் வந்தது. என்னை நம்ப வைத்து, தேறிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொல்ல வைத்து! யார் மேல் கோபம் என்றுதான் தெரியவில்லை. அவள் முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள்.

"இப்பவும் நீங்க போகச் சொன்னாப் போறன். நீங்களே சொல்லுங்க."

போவம் என்ற சொல் என் வாய்க்கு வந்துவிட்டது. சொன்னால் வருவாள். பையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, எனக்காக அந்தப் பதினெட்டு வளைவும் ஏறுவாள். எனக்கு அவள் வேண்டும். எந்த நிலையிலாவது வேண்டும். அந்த ஆசையை விழுங்க எனக்கு நெடுநேரம் பிடித்தது.

"வேணா," என்றேன். "வீட்ட போவம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள். பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் மாதிரி மூச்சு விட்டாள். நான் காரைத் திருப்பினேன். நிந்தவூர் வரும் முன்னே தூங்கிப் போனாள்.

வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று நினைத்து நினைத்து ஓட்டினேன். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்து முந்திப் போயின. ஓர் ஓட்டோக்காரன் பக்கத்தில் வந்து தலையை நீட்டினான்.

"காக்கா, காருக்கு என்ன பிரச்சினை? தள்ளி விடோணுமா?"

"ஒண்டுமில்ல தம்பி, கார் நல்லாத்தான் இரிக்கி," என்றேன். வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தேன்.