பின்வரிசைப் பொறுப்பாளர்

இறந்துபோன இன்னாசிராஜைக் கௌரவிக்கும் நினைவு நடைக்காக அச்சான பேனரில், தலைவர் அன்புச்செல்வனின் முகம் ஆளுயரத்துக்கும் இன்னாசிராஜின் முகம் பஸ் பாஸ் அளவுக்கும் இருந்தது. அதைக் குறையாகச் சொல்ல முடியாது. உயிரோடு இருக்கும்போதே அந்த விகிதம்தான்.

காவிரிக்கரை நடைஞர் பேரவை என்று பெயர். கைலாசபுரத்துத் தொழிற்சாலையிலிருந்து ரிட்டயரான எட்டுப் பேர் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் சாலையில் காலை ஐந்தரைக்கு நடப்பார்கள். எல்லாருக்கும் முன்னால், பொது மேலாளராக இருந்த அன்புச்செல்வன். அவருக்கு அரையடி பின்னால் டிஜிஎம்களாக, அதாவது துணைப் பொது மேலாளர்களாக, இருந்த மூன்று பேர். அப்புறம் மேனேஜர்கள் இருவர். அதற்கும் பின்னால் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த இன்னாசிராஜ். வால் மாதிரி கடைசியில், ஸ்டோர்ஸ் சூப்பிரண்டாக இருந்த பீமராவ். தொழிற்சாலை அவர்களை விட்டுப் பத்து வருஷம் ஆகிறது. அவர்கள்தான் அதை விடவில்லை. தலைவர் குனிந்து ஷூ நாடாவை இறுக்கினால் எட்டுப் பேரும் நின்றுவிடுவார்கள். ஒரு டிஜிஎம் தன் நாடாவையும் அவிழ்த்துக் கட்டிக்கொள்வார்.

காட்டூர்க்காரர்களின் நடைக்குழு ஒன்று நேபாளம் போய்வந்து, மலைக்கோட்டைப் பக்கம் ஒரு மண்டபத்தில் படம் போட்டுக் காட்டியது. அன்று இரவு அன்புச்செல்வனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆறே மாதத்தில் பேரவை போர்ச்சுகலுக்குப் புறப்பட்டது. நாட்டின் வடக்கே, வழிகாட்டியோடு கிராமம் கிராமமாக ஏழு நாள் நடை. நேபாளத்துக்கு எல்லாரும்தான் போகிறார்கள்.

வழிகாட்டியின் பெயர் ரூயி. தாடி வைத்த இளைஞன். அவனுடைய ஏற்பாடு எளிமையானது. அவன் முதலில் போவான். கடைசி ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மேல்சட்டை. பாதை பிரிகிற இடத்திலெல்லாம் அவன் நிற்பான். ஆரஞ்சுச் சட்டை வந்து சேர்ந்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று அர்த்தம், மறுபடி நடப்பான். தலை எண்ணுகிற வேலையே இல்லை. கடைசி ஆள் எதற்காகவும் யாரையும் முந்தக்கூடாது, அவ்வளவுதான் சட்டம்.

கடைசி ஆள் யார் என்பதில் விவாதமே எழவில்லை. பீமராவ் முப்பது வருஷமாகத் தகுதி பெற்றவர்.

இரண்டு நாள் நன்றாகப் போயிற்று. கஷ்கொட்டை மரங்கள், கற்சுவர் கட்டிய சந்துகள், ஆள் கை நீளத்துக்குக் கொம்புள்ள மாடுகள். ஊர் முனையில் கல்தூண்கள்மேல் நிற்கும் மக்காச்சோளக் குதிர்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கல் சிலுவை. முதல்முறை பார்த்தபோது டிஜிஎம்கள் கல்லறை என்று நினைத்துச் ஷூவைக் கழற்றப் போனார்கள். "சோளத்துக்கே இவ்வளவு மரியாதையா? நம்மள எல்லாம் எங்க வைப்பானுங்க?" என்றார் இன்னாசிராஜ். சிரித்தது பீமராவ் ஒருவர்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் ரூயி விளையாட்டாக ஒன்று சொன்னான்: "இந்தக் குழுவில் மிக முக்கியமான மனிதர் நானல்ல. கடைசியில் வருகிறாரே, அவர்தான்."

அன்புச்செல்வன் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

மறுநாள் காலை மூடுபனி இறங்கியிருந்தது. யாரும் புறப்படவில்லை. டிஜிஎம்கள் மூவரும் கடைசியில் நின்றுகொண்டு, "நீங்க போங்க சார்", "இல்ல, நீங்க போங்க" என்று உபசரித்துக்கொண்டிருந்தார்கள். அன்புச்செல்வன் நேராகப் பீமராவிடம் வந்து கையை நீட்டினார்.

"அந்தச் சட்டையைக் குடுய்யா. இதெல்லாம் பொறுப்பான வேலை. உன்கிட்ட விட்டது என் தப்பு."

பீமராவ் கழற்றிக் கொடுத்தார். மடித்துக்கூடக் கொடுத்தார்.

மக்காச்சோளக் குதிர்கள் வரிசையாக நிற்கிற ஒரு ஏற்றத்தில் இன்னாசிராஜ் சுவரில் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"ராவு, மூச்சு வாங்குதுப்பா. கொஞ்சம் இரேன்."

"சார் பின்னாடி வர்றாரு. அவரோட வாங்க. நான் நின்னா, 'என் வேலையில ஏன் தலையிடுற'ம்பாரு."

"சரி போ. உனக்கு அவன்தான் எமன், எனக்கு இந்த மேடு."

கால்மணி கழித்து, பாதை பிரியும் இடத்தில் எல்லாரும் காத்திருந்தார்கள். அன்புச்செல்வன் பாதை வழியே வரவில்லை. பக்கத்துப் புல்வெளியைக் குறுக்கே தாண்டி, விறுவிறுவென்று வந்து சேர்ந்தார். கடைசியில் நடப்பது முக்கியமான வேலைதான்; ஆனால் கடைசியாகப் போய்ச் சேருவது அவருக்குப் பழக்கமில்லை. பனிக்குள் ஆரஞ்சு நிறம் தெரிந்ததுமே ரூயி திரும்பி நடந்தான்.

"சார், இன்னாசி?" என்று பீமராவ் கேட்டார்.

"வருவான்யா. நான் என்ன அவனுக்கு ஆயாவா?"

பீமராவ் திரும்பிப் பார்த்தார். பாதை வெறுமையாக இருந்தது. முன்னால் எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள். அவரும் போனார்.

இரண்டரை மணி நேரம் கழித்து, அடுத்த ஊரில் மதியச் சாப்பாட்டின்போது ஒரு தட்டு மிஞ்சியது. அப்போதுதான் எண்ணினார்கள்.

மாடு ஓட்டிவந்த ஒரு கிழவர் அவரைக் கண்டெடுத்திருந்தார். சுவரோரம், பாதையில், ஒரு கால் ஷூ கழன்று கிடந்தது. மாரடைப்பு என்றார் அந்த ஊர் டாக்டர். உடனே பார்த்திருந்தால் என்று ஆரம்பித்தவர், எதிரில் நின்றவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு முடிக்கவில்லை.

உடல் திருச்சிக்கு வந்து சேரப் பதினொரு நாள் ஆயிற்று.

இப்போது ஜனவரி. நினைவு நடைக்கு இரண்டு நாள் முன்பு பீமராவ் வீட்டுக்குப் பேரவையின் நினைவு மலர் வந்தது, வழவழப்பான தாளில். பதினான்காம் பக்கத்தில் இப்படி இருந்தது: 'பழம்பெரும் மலைக்கோயில் ஒன்றைக் கண்டதும், "நீங்கள் முன்னே செல்லுங்கள், நான் சற்று ஜெபித்துவிட்டு வருகிறேன்" எனத் தலைவரிடம் விடைபெற்ற இன்னாசிராஜ், மண்டியிட்ட நிலையிலேயே இறைவனடி சேர்ந்தார்.' அதன் கீழே, 'நேரில் கண்டவர்: திரு. பீமராவ்.'

பீமராவ் அன்புச்செல்வனுக்குப் போன் போட்டார்.

"சார், நான் பாக்கலையே சார்."

"யாருமே பாக்கலய்யா. அதனாலதான் யாராவது பாத்ததா இருக்கணும்."

"அங்க கோயில் அரை மைல் தள்ளி இருந்துச்சு சார். பூட்டிக் கிடந்துச்சு."

"யார் போய்த் திறந்து பாக்கப் போறா? இன்னாசி சம்சாரம் கோயிலே கதின்னு கிடக்கிற பொம்பளை. அதுக்கு ஒரு ஆறுதல் வேணாமா? மூணு டிஜிஎம்மும் அவங்க பேரைப் போடச் சொன்னாங்க. உனக்குத்தான் குடுத்திருக்கேன்."

போனை வைத்தபோது, நன்றி சார் என்று சொல்லிவிட்டோமோ என்று பீமராவுக்குச் சந்தேகமாக இருந்தது. சொல்லித்தான் இருந்தார்.

அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி யமுனா, "அந்தம்மாகிட்ட போய் உள்ளதைச் சொல்லிடுங்க" என்றாள். "மூணு மாசமா நீங்க திங்கிறதும் சோறில்ல, தூங்குறதும் தூக்கமில்ல."

"நாளைக்குப் போறேன்."

போக வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலம் இன்னாசிராஜின் மனைவி லூர்துவே வந்தாள். கையில் மலர். பதினான்காம் பக்கத்தில் ஜெபமாலையை அடையாளம் வைத்திருந்தாள். மூன்று மாதத்தில் பாதியாக இளைத்திருந்தவள், ஏனோ முகம் தெளிந்திருந்தாள். யமுனா கொடுத்த காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, இது நெசமா?"

பீமராவ் வாயைத் திறந்தார். உள்ளது தொண்டை வரைக்கும் வந்துவிட்டது.

"உங்களுக்குத் தெரியாததா," என்றாள் அவள். "பையன் ஆசீர் கொள்ளிடத்துல முழுகிச் செத்த வருஷத்திலேருந்து அவரு கோயில் படி ஏறல. பதினோரு வருஷம். பூசைக்கு என்னைக் கொண்டாந்து விடுவாரு, வாசல்ல வண்டி மேலயே உக்காந்திருப்பாரு. 'உங்க ஆண்டவர்கிட்ட எனக்குப் பேச ஒண்ணுமில்ல'ம்பாரு. நான் பதினோரு வருஷமா ஒரே ஒரு வேண்டுதல்தான் வேண்டினேன். சாகறதுக்குள்ள ஒரு தடவையாவது அவரு முட்டி போடணும். இப்ப இதுல போட்டிருக்கே. நீங்க பாத்தீங்களாமே. நெசமாவே முட்டி போட்டிருந்தாரா?"

அடுக்களை வாசலில் யமுனா நின்றாள். சொல்லுங்க என்று கண்ணால் தள்ளினாள்.

கோழைத்தனம் தனியாக வரும்போது மனுஷன் அதை எப்படியாவது துரத்திவிடலாம். இரக்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தால், வா என்று பாய் விரித்துவிடுவான்.

"ஆமாம்மா," என்றார் பீமராவ். "முட்டி போட்டிருந்தாரு."

லூர்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"யாரு சொரூபம் முன்னாடி?"

"மாதா."

"சிலுவை போட்டுக்கிட்டாரா?"

"போட்டுக்கிட்டாரு."

"அழுதாரா?"

"கொஞ்சம்."

யமுனா உள்ளே போய்விட்டாள். பாத்திரம் ஒன்று தொட்டியில் விழுகிற சத்தம் கேட்டது.

லூர்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்ளரைக் கீழே வைத்தாள். அப்புறம் நிதானமாக, கணக்கு வாத்தியார் மாதிரி கேட்டாள்:

"அப்ப நீங்க அங்க இருந்திருக்கீங்க."

பீமராவ் தம்ளரை எடுத்து ஓரமாக நகர்த்தி வைத்தார்.

"முன்னாடி நாள் ராத்திரி போன்ல சொன்னாரு. 'ராவுதான் கடைசில வர்றான். அவனுக்குப் பின்னால யாரையும் விடமாட்டான், நீ பயப்படாத'ன்னாரு. கடைசி ஆள் யாரையும் விட்டுட்டு முன்னால போகக் கூடாதாமே. அதானே சட்டம்?"

"ஆமா."

"அழுதுக்கிட்டிருந்த மனுஷனை, நெஞ்சுவலிக்காரரை, கண்ணால பாத்துட்டு, ஏண்ணே விட்டுட்டுப் போனீங்க?"

சட்டை அன்றைக்கு என்னிடம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், யாரிடம் இருந்தது என்று கேட்பாள். அப்புறம் நீங்கள் எங்கே நின்று பார்த்தீர்கள் என்பாள். ஒவ்வொன்றாக அவிழ்ந்து, கடைசியில் மாதாவும் போய்விடுவாள், மண்டியிட்டவரும் போய்விடுவார். சுவரோரம் கழன்று கிடந்த ஷூ மட்டும் மிஞ்சும். பீமராவ் கூடத்துத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தப்பாத் தோணலம்மா அப்ப," என்றார் கடைசியில். தன்னைப் பற்றி அவளிடம் அவர் சொன்னதில் அது ஒன்றுதான் பொய்யில்லை.

லூர்து எழுந்தாள். மலரைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மண்டபத்தில் மைக் கட்டியிருந்தார்கள். காட்டூர்க் குழுவையும் அழைத்திருந்தார்கள், பார்க்கட்டும் என்று. அன்புச்செல்வன் இருபது நிமிஷம் பேசினார். அதில் போர்ச்சுகலின் சீதோஷ்ணம் பன்னிரண்டு நிமிஷம், அவருடைய தலைமை ஏழு நிமிஷம், இன்னாசிராஜ் மீதி. முடிக்கும்போது குரல் தழுதழுத்தது.

"நம்ம பீமராவ் மேல ஒரு சிலர் வருத்தப்படறதா காதுல விழுந்துச்சு. கூட இருந்தவர் விட்டுட்டு வந்துட்டாரேன்னு. மனுஷன்னா தப்பு பண்றதுதான். பேரவை அவரைப் பெருந்தன்மையோட மன்னிக்குது. இன்னிக்கும் அவர்தான் பின்வரிசைப் பொறுப்பாளர்!"

கைத்தட்டல் வந்தது. டிஜிஎம் ஒருவர் புதிதாகத் தைத்த ஆரஞ்சுச் சட்டையைப் பீமராவுக்குப் போட்டுவிட்டார். முதுகில் பேரவையின் பெயரும், அதைவிடச் சற்றுப் பெரிதாகத் தலைவரின் பெயரும். பீமராவ் மைக்கைப் பார்த்தார். நாலே அடி தூரம். அந்தப் பக்கம் லூர்து பச்சைக் கொடியோடு நின்றிருந்தாள். மலர் அவள் கக்கத்தில் இருந்தது. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

லூர்து கொடியசைத்தாள். அன்புச்செல்வன் புறப்பட்டார், அரையடி பின்னால் டிஜிஎம்கள், பின்னால் மேனேஜர்கள், அவர்கள் பின்னால் காட்டூர்க்காரர்கள். எல்லாரும் போகட்டும் என்று பீமராவ் ஓரமாக நின்றார். சாலை காலியாயிற்று. லூர்து கொடியை நாற்காலியில் வைத்துவிட்டு, தானும் நடக்க வந்தாள். அவள் முன்னால் போவதற்காக அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

அவள் போகவில்லை. நின்றாள்.

"நீங்க முன்னால போங்கண்ணே," என்றாள். கோபமே இல்லாத குரல். "எனக்குப் பின்னால நீங்க வரவேணாம்."

பீமராவ் முன்னால் போனார்.