ஐந்நூற்றுத் தொண்ணூற்றைந்து

திரையில் 535 என்று வந்தபிறகும் மார்லிஸ் ஆஸ்டர்கிரென் நாற்காலியை விட்டு எழவில்லை. தேர்வு மையத்துப் பெண் வந்து, அடுத்தவர் காத்திருக்கிறார் என்று சொன்னபிறகுதான் எழுந்தாள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. நெப்ராஸ்காவில், லிங்கன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் பன்னிரண்டு வருடமாகச் செவிலியர்களுக்கு ஷிஃப்ட் போடுகிறவள். நிர்வாகவியலில் முனைவர் பட்டம் படிக்க ஆசை என்று வாய்விட்டுச் சொல்லவே அவளுக்கு இரண்டு வருடம் பிடித்தது. சொன்ன பிறகு பார்த்தால், பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில், அங்கே சேர்ந்தவர்கள் ஜிமேட் என்ற நுழைவுத் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணின் சராசரி 655 என்று போட்டிருந்தது.

காரில் உட்கார்ந்து தங்கை கோரினுக்குப் போன் செய்தாள்.

“எவ்வளவு?”

“சொன்னா சிரிப்ப.”

“சிரிக்கத்தானே தங்கச்சின்னு ஒருத்தி இருக்கேன். சொல்லு, மார்லி.”

சொன்னாள். கோரின் சிரிக்கவில்லை. “எதுல போச்சு?”

“கணக்குல. ரெண்டு குழாய் தொட்டிய நிரப்புது, ஒண்ணு காலி பண்ணுது. எப்ப நிரம்பும்னு கேட்டான்.”

“அந்த மூணாவது குழாய முதல்ல மூடுங்கடான்னு சொல்ல வேண்டியதுதானே?”

மார்லிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

அவள் படிக்க நினைத்ததற்குக் காரணம் இருந்தது. முதியோர் இல்லத்தில் தன் பொறுப்பிலிருந்த மாடியில் செவிலியர்கள் தங்களுக்குள்ளேயே ஷிஃப்டை மாற்றிக்கொள்ள அவள் அனுமதித்திருந்தாள். யாருக்குப் பதில் யார் என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். ஆறு வருடத்தில் எழுநூறு சீட்டுகளுக்குமேல் சேர்ந்துவிட்டன. ஒருநாள் அவற்றைப் பிரித்து அடுக்கியபோது அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. மற்றவர்களுக்காக எப்போதும் விட்டுக்கொடுத்து, தனக்கென்று ஒருதடவைகூடக் கேட்காதவர்கள்தான் முதலில் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் முடியவில்லை.

இரண்டாம்முறை எழுதியதில் 595 வந்தது. அதற்குமேல் எழுத நாள் இல்லை. டிசம்பரில், அந்தச் சீட்டுகளைப் பற்றிய கட்டுரையோடு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். ஓரிடத்திலிருந்து இரண்டே வரியில் மறுப்பு வந்தது. லிங்கன் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஜனவரி முதல் வாரம் ஒருவர் கூப்பிட்டார். முனைவர் படிப்பின் பொறுப்பாளர், பேராசிரியர் ஹாக்லன்ட். அவளைவிட ஏழு வயது சின்னவர்.

“உங்க கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன். நல்ல கேள்வி. ஆனா...”

“ஆனா 595.”

“ஆமா. மறைக்க விரும்பல. முதல் வருஷப் புள்ளியியல்ல போன தடவை ரெண்டு பேர் பாதியிலயே போயிட்டாங்க. உங்க மார்க்கப் பார்த்ததும் சேர்க்கைக் குழுவுக்கு அந்தப் பயம் வந்துடுச்சு.”

“உங்களுக்கு என்ன தோணுது?”

அவர் தயங்கினார். “உண்மையச் சொல்லணும்னா, தெரியல.”

அந்த ஒளிவுமறைவில்லாத பதில் அவளுக்குத் தைரியம் கொடுத்தது. “அந்த வகுப்பு இந்த மாசம் ஆரம்பிக்குதில்ல? நானும் வந்து உட்காரட்டுமா? மார்ச்சுல பரீட்சையும் எழுதறேன். ஊத்திக்கிட்டா விண்ணப்பத்த நானே திரும்ப வாங்கிக்கறேன்.”

அவர் இரண்டு நாளில் அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

வகுப்பு செவ்வாய், வியாழன் காலையில். பன்னிரண்டு வருடத்தில் முதல்முறையாக மார்லிஸ் தனக்காக ஒரு சீட்டு எழுதினாள். அவளோடு நாளை மாற்றிக்கொள்ள வேண்டிய வார இறுதி மேற்பார்வையாளர் யோலாண்டா அதைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். “இவ்வளவு நாள் கேக்காம இருந்தீங்களே, அதுதான் எனக்குக் கோபம்.”

முதல் மூன்று வாரம் பலகையில் எழுதியதில் பாதி அவளுக்கு எட்டவில்லை. வெட்கத்தை விட்டுக் கேள்வி கேட்டாள். அவள் கேட்டதும் வகுப்பிலிருந்த மற்ற ஐந்து பேரும் அவசரமாகக் குறிப்பெடுப்பதைக் கவனித்த பிறகு வெட்கமும் போய்விட்டது.

மார்ச்சில் விடைத்தாள் வந்தது: நூற்றுக்கு 71. முனைவர் படிப்பில் எண்பதுக்குக் குறைந்தால் தோல்விதான் என்று அவள் நினைத்திருந்தாள். அன்றே ஹாக்லன்டுக்கு மின்னஞ்சல் எழுதினாள். சொன்ன வாக்குப்படி விலகிக்கொள்கிறேன், நன்றி. பத்து நிமிடத்தில் அவர் போனில் வந்தார்.

“வகுப்புச் சராசரி எவ்வளவுன்னு பாத்தீங்களா?”

“இல்ல.”

“அம்பத்தெட்டு.”

மார்லிஸ் போனை மேசையில் வைத்துவிட்டு, விடைத்தாளை மறுபடி எடுத்துப் பார்த்தாள்.

“ஹலோ? மார்லிஸ்? நீங்க எழுதினத நான் படிக்கவே இல்லன்னு வெச்சுக்கறேன், சரியா?”

குழுவில் எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. இரண்டு பேர் கடைசிவரை 595-ஐயே பிடித்துக்கொண்டிருந்தார்களாம். வாக்கெடுப்பில் மூன்றுக்கு இரண்டு என்று அவள் பக்கம் முடிவானது. ஏப்ரல் பத்தாம் தேதி அனுமதிக் கடிதம் வந்தது. கோரின் தன் முடிதிருத்தும் கடையில், வாடிக்கையாளரின் தலையில் பாதி சாயம் பூசியிருக்கும்போதே சத்தம் போட்டுக் குதித்தாள்.

“டாக்டர் ஆஸ்டர்கிரென்! இனிமே என்கிட்ட ஓசியில முடி வெட்டிக்க வருவியா?”

“அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் இருக்குடி. அதுவரைக்கும் வருவேன்.”

மே மாதம் இறுதிப் பரீட்சை பாக்கியிருந்தது. அதை எழுதித்தான் தீர வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. மார்லிஸ் வியாழக்கிழமை வழக்கம்போல முதல் வரிசையில் போய் உட்கார்ந்து, புரியாத ஏழாம் அத்தியாயத்தைத் திறந்துவைத்துக்கொண்டு கையைத் தூக்கினாள்.