திரும்பி உட்கார்ந்த மூடிகள்

சிவப்புத் தொட்டி மறுபடியும் நிரம்பிக் கிடந்தது. முந்தின நாள் சாயங்காலம் அதன் அடியில் நாலைந்து மூடிதான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவள், காலையில் வந்து பார்த்ததும் பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றாள்.

தண்ணீர் பம்புக்கு இரும்பு மூடி வார்க்கும் தொழிற்சாலை அது. லேத்தில் கடைந்து துடைத்து வரும் மூடிகளை எடுத்துப் பெல்ட்டில் வைப்பது அவளுடைய அண்ணனின் வேலை. பெல்ட்டுக்கு மேலே ஒரு கேமரா. கீழே வரும் ஒவ்வொரு மூடியையும் படம் பிடித்து, தன்னிடம் இருக்கும் மாதிரிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். ஒத்துப்போனால் விட்டுவிடும். இல்லையென்றால் பக்கவாட்டிலிருந்து ஒரு தடி நீண்டு வந்து மூடியைச் சிவப்புத் தொட்டிக்குள் தள்ளிவிடும். அந்தக் கேமராவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவளை எடுத்திருந்தார்கள். கேமராக்காரி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதுவே பெயராகிவிட்டது.

அண்ணனுக்கு வலது கையில் இரண்டு விரல் பாதிதான் மிச்சம். மீதியைப் பழைய பிரஸ் மெஷின் ஒன்று தின்றுவிட்டது. மூடியின் ஒரு பக்கம் காது மாதிரி ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அவன் வைக்கிற மூடியில் அந்தக் காது நேராகப் பார்க்காது, கொஞ்சம் திரும்பித்தான் உட்காரும். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பெல்ட்டின் கடைசியில் பெட்டியில் அடுக்குகிறவன் எப்படியும் அதைக் கையில் எடுத்துத் திருப்பித்தான் அடுக்குவான். கேமராவுக்குத்தான் அது வேறு மூடி. காது நேராக இருக்கிற ஒரே ஒரு படத்தை அதற்குக் காட்டிவிட்டு, இதுதான் மூடி என்று சொல்லிவைத்திருந்தார்கள்.

அண்ணனை நேராக வைக்கச் சொல்லி அவளே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "விரல் இருந்தா வைக்க மாட்டேனா?" என்றான். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள்.

பிறகு அவளே வழி கண்டுபிடித்தாள். மாதிரிப் படத்தை இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று திருப்பித் திருப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி ப்ரோகிராமில் சில வரிகள் எழுதினாள். தொட்டி காலியானது. இரண்டு நாள் கழித்து நிரம்பியது. மறுபடி எழுதினாள். மறுபடி நிரம்பியது. இன்று மூன்றாவது தடவை.

காரணம் அவளுக்குத் தெரியும். அந்த ப்ரோகிராமை யாரும் உட்கார்ந்து வரி வரியாக எழுதுவதில்லை. தலைமை வடிவமைப்பாளர் கணினியில் கட்டம் கட்டமாக ஒரு வரைபடம் போடுவார். கேமராவுக்கு ஒரு கட்டம், ஒப்பீட்டுக்கு ஒரு கட்டம், தடிக்கு ஒரு கட்டம். நடுவில் அம்புக்குறிகள். பொத்தானை அமுக்கினால் அந்தக் கட்டங்கள் டெம்ப்ளேட் என்கிற அச்சுகளில் போய் விழுந்து ப்ரோகிராமாக வெளியே வரும். வந்ததன் தலையிலேயே எழுதியிருக்கும், இங்கே கைவைக்காதே, வைத்தால் அழிந்துபோகும் என்று. எல்லோரும் அங்கேதான் கைவைப்பார்கள். பெல்ட் லைன் நிற்கிறபோது வேறு எங்கே போய் வைப்பது? அடுத்த தடவை கட்டம் சார் (அவருக்கு அதுதான் பெயர்) ஏதாவது ஒரு கட்டத்தின் பெயரை மாற்றிவிட்டுப் பொத்தானை அமுக்குவார். கைவைத்ததெல்லாம் துடைத்துக்கொண்டு போய்விடும்.

அண்ணன் பெல்ட்டை விட்டு நகராமலே கேட்டான். "என்னடி பண்ணின? நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?"

"நான் எழுதினது அழிஞ்சுபோச்சுண்ணே. அவரு பட்டனை அமுக்கிட்டாரு."

"உன்னைக் கேக்காமயா?"

"அவருக்கே தெரியாது."

"நல்ல ஆபீஸ்டி உங்களது. இங்க அடுத்தவன் ஸ்பேனரைத் தொட்டாலே சட்டையைப் பிடிப்பானுங்க."

அவளைச் சிரிக்கவைக்க அவன் அதைச் சொல்லவில்லை. காலையில் மேஸ்திரி அவனிடம் வந்து, இப்படியே தொட்டி நிரம்பினால் திங்கட்கிழமையிலிருந்து உன்னை உலைக்கு மாற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கையால் உலைக் கரண்டியைப் பிடிக்க முடியாது. உலைக்குப் போ என்றால் வீட்டுக்குப் போ என்றுதான் அர்த்தம். மேஸ்திரிக்கும் அது தெரியும். வீட்டில் அண்ணி முந்தின வாரமே குத்திக்காட்டியிருந்தாள், ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேர் ஒரே இடத்துக்கு வேலைக்குப் போகிறீர்கள், தங்கச்சி மெஷின் அண்ணனைத் தள்ளிவிடுகிறது என்று.

கேமராக்காரி தொட்டியிலிருந்த மூடிகளை ஒரு வாளியில் அள்ளினாள். வாளியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு மாடியேறினாள். வழியில் யாரோ ஒருவர், என்னம்மா கேமராவை விட்டுட்டு சுமை தூக்க வந்துட்டியா என்று கேட்டார். அவள் நிற்காமல் ஏறினாள்.

கட்டம் சாரின் மேஜையில் வாளியைக் கவிழ்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கோடு மூடிகள் உருண்டன. ஒன்று போய் அவருடைய விசைப்பலகையில் விழுந்து, திரையில் ஒரு கட்டம் முழுக்க ஒரே எழுத்தாக ஓடியது.

"அளந்து பாருங்க சார்," என்று அளவுக் கருவியை நீட்டினாள்.

அவர் கெட்ட மனிதர் இல்லை. கைக்குட்டையால் துடைத்துத் துடைத்து ஏழெட்டு மூடியை அளந்தார். ஓட்டை, விளிம்பு, காது எதிலும் குறையில்லை. கண்ணாடியைக் கழற்றினார்.

"நல்ல மூடிதான். ஆனா இந்த டெம்ப்ளேட் மூணு லைன்ல ஓடுது. உங்க அண்ணனுக்காக அதை மாத்த முடியாதும்மா. எழுதிக் குடு, மேல அனுப்பறேன். அடுத்த மாசம் பார்ப்பாங்க."

"திங்கட்கிழமைக்கு முன்னாடி அடுத்த மாசம் வருமா சார்?"

அவர் விசைப்பலகையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் டெம்ப்ளேட்லயே எழுதப்போறேன்," என்றாள். "சொல்லிட்டுத்தான் செய்யறேன்."

"என் காதுல எதுவும் விழல," என்று சொல்லிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

டெம்ப்ளேட்டில் எழுதுவது எரிச்சல் பிடித்த வேலை. எழுதுகிற வரி அங்கே ஓடாது. இன்னொரு வரியை எழுதிவைக்கும், அது போய் வேறெங்கோ ஓடும். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் பிழை இருக்கிற இடத்தை அது காட்டாது, பிறந்து விழுந்த ப்ரோகிராமில் ஏதோ ஒரு மூலையைக் காட்டும். அங்கே போய்ப் பார்த்தால் அவள் எழுதாத வரி முறைத்துக்கொண்டு நிற்கும். திட்டிக்கொண்டே எழுதினாள். ஒப்பீட்டுக் கட்டத்தில், எவ்வளவு திருப்பிப் பார்க்கலாம் என்று கேட்கிற புது இடம் ஒன்றை வைத்தாள். மற்ற லைன்களில் அங்கே ஒன்றும் நிரப்பவில்லை, அதனால் அவை பழையபடியே ஓடும். அண்ணனின் லைனுக்கு மட்டும் நிரப்பினாள். நாலு தடவை உடைந்தது. ஐந்தாவது தடவை பொத்தானை அமுக்கியபோது முனகாமல் போனது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை அமுக்கினாள். அவளுடைய வரிகள் அழியவில்லை.

திங்கட்கிழமை தொட்டியில் காது உடைந்த மூடி இரண்டுதான் கிடந்தது. அவை நிஜமாகவே உடைந்தவை. மேஸ்திரி குனிந்து பார்த்தார், அண்ணனைக் கூப்பிடாமல் தனியாகவே உலைப் பக்கம் போய்விட்டார். அன்றைக்கு அண்ணன் மதியச் சாப்பாட்டை மிச்சம் வைக்கவில்லை.

மறுநாள் அவளை மாடிக்குக் கூப்பிட்டார்கள். அனுமதியில்லாமல் டெம்ப்ளேட்டைத் தொட்டது யார் என்று தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி வந்திருந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்று கட்டம் சார் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவளைப் பார்க்காமல் சொன்னதையே மறுபடி சொன்னார். மாற்றம் நன்றாகத்தான் இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்றார்கள். அவள் மட்டும் இருக்க வேண்டாம் என்றார்கள். கேமராவை அவளிடமிருந்து எடுத்துவிட்டு, பின்கட்டு அறையில் நாள் முழுக்கப் படங்களைப் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரித்துப் போடும் வேலையைக் கொடுத்தார்கள்.

கீழே வந்து அண்ணனிடம் சொன்னாள். அவன் கை நிற்கவில்லை. பெல்ட் நகர்ந்துகொண்டேயிருந்தது.

"ஏன், வேலை நல்லாத்தானே ஆச்சு?"

"ஆச்சுண்ணே. அதை அவங்களே சொன்னாங்க."

"அப்ப?"

"அவ்வளவுதான்."

கொஞ்ச நேரம் மூடிகளை வைத்துக்கொண்டிருந்தான். எல்லாம் திரும்பித்தான் உட்கார்ந்தன, எல்லாவற்றையும் கேமரா விட்டது.

"இனிமே இது கெட்டுப்போனா யாரு பார்க்கிறது?"

"கட்டம் சார்தான்."

அண்ணன் கேமராவை நிமிர்ந்து பார்த்தான். அடுத்த மூடியை இரண்டு கையாலும் பிடித்து, காது நேராகப் பார்க்கும்படி அழுத்தி வைத்தான். அதற்கடுத்ததையும் அப்படியே வைத்தான். அவனுக்குப் பின்னால் துடைத்து வந்த மூடிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர ஆரம்பித்தன.

"எதுக்குண்ணே, தேவையில்ல," என்றாள்.

"பழகிக்கறேன்," என்றான்.