இருபத்திரண்டு மைல்

காரின் பெட்ரோல் தொட்டியைக் காலி செய்துவிட்டு ஒரே ஒரு கேலன் ஊற்றச் சொன்னார் தோட்டத்துத் துரை. மூணாறுக்குப் போகப் பதினொரு மைல், வரப் பதினொரு மைல். கார் தபால் பையோடு பங்களாவுக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் காரை விற்றுவிடலாம், தபாலுக்குக் குதிரை போதும் என்றார். அந்த வருஷம் தேயிலை விலை விழுந்து கிடந்தது.

இருபத்திரண்டு என்று சொன்னது டிரைவர் ஆசீர்வாதம்தான். போன வாரம் துரை பெட்ரோல் செலவைப் பற்றி முணுமுணுத்தபோது, கேட்காமலே வாயைத் திறந்தான். இறக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிடுவேன், ஒரு கேலனுக்கு இருபத்திரண்டு மைல் எடுப்பேன் என்றான். பொய் இல்லை. அளந்து பார்த்திருந்தான். ஆனால் அப்போது தொட்டி நிறைய இருந்தது.

கார் போனால் அவன் தேயிலைக் காட்டு வேலைக்குப் போக வேண்டும். பங்களாவுக்குப் பின்னால் உள்ள டிரைவர் அறையும் போகும். கூலிக்காரர்களின் லயத்தில் வீடு வேண்டுமென்றால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் பெயர் கொடுக்க வேண்டும். அவன் பெண்டாட்டி கத்தரீனாளுக்கு மூச்சிழுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் பனிமூட்டத்தில் கொழுந்துக் கூடையோடு சரிவில் விழுந்தவளை நாலு பேர் தூக்கி வந்தார்கள். அதன் பிறகுதான் அவன் கார் ஓட்டப் பழகினான்.

சாட்சிக்குக் கண்டக்டர் சங்கையா வந்தார். தோட்டத்து வேலையை மேற்பார்க்கிறவர். கையில் தொட்டி அளக்கும் குச்சி.

"ஐயா, நீங்க வரணுமா? பாரம் கூடும்."

"நான் வராம, நீரு வழியில ஒரு போத்தல் வாங்கி ஊத்தினா யாரு பாக்கது?" பின்சீட்டில் ஏறினார். கார் ஒரு பக்கம் சாய்ந்தது. "என் பாரத்தச் சொல்லுதீரு. உம்ம வாய் இதவிடப் பாரம்வே."

முதல் இறக்கத்தில் எஞ்சினை நிறுத்தினான். டயர் கல்லில் அரைபடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் பிரேக் தீய்ந்த வாடை வந்தது.

"வே, எஞ்சின் சத்தத்தக் காணல."

"நிறுத்திட்டேன்யா."

"பெறகு வண்டிய எது பிடிச்சிருக்கு?"

"என் காலு."

சங்கையா அடிவாரம் வரை முன்சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மூணாறில் தபால் பை கனமாக இருந்தது. சங்கையா கடைக்குப் போய் ஒரு பொட்டலத்தோடு வந்தார். ஆசீர்வாதம் பொட்டலத்தைப் பார்த்தான்.

"கருவாடுவே. இதையும் நிறுக்கணுமா?"

ஏற்றம் தொடங்கியது. காலை மிதமாக வைத்தான். எஞ்சினுக்குப் போகும் பெட்ரோலைக் குறைக்கத் திருகை இறுக்கினான். எஞ்சின் முட்டியது. ஒரு மயிரிழை தளர்த்தினான். மைல்கற்களை எண்ணினான். சங்கையாவும் எண்ணினார், உரக்க.

பங்களாவுக்கு மூன்று பர்லாங் இருந்தது. செங்குத்தான கடைசி ஏற்றம். பாதியில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது.

கைப்பிரேக்கை இழுத்தான். சங்கையா இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். சீட்டைத் தூக்கி, அதன் அடியில் இருந்த தொட்டிக்குள் குச்சியை விட்டார்.

"முடிஞ்சு போச்சுன்னு நெனச்சேன். அரை விரல் நனைஞ்சிருக்கே. பெறகு ஏன் நின்னுச்சு?"

அவனுக்கு இப்போதுதான் விளங்கியது. பெட்ரோல் தானாகவே எஞ்சினுக்கு வழிந்து இறங்க வேண்டும். ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே நின்றது. இருக்கிற கொஞ்சமும் தொட்டியின் பின்மூலைக்கு ஒதுங்கிவிட்டது. நிறைந்த தொட்டியில் இது தெரியவில்லை. ஒரு கேலனில் தினமும் தெரியும்.

"வண்டியத் திருப்பப் போறேன்யா. பின்பக்கமா ஏறினா பெட்ரோல் எஞ்சினுக்கு எறங்கும்."

"பின்பக்கமாவா? பள்ளம் எங்க இருக்கும்?"

"அங்கதான் இருக்கும்."

"அப்ப நான் நடக்கேன். நீரு உம்ம பாட்டுக்குச் சாவும்."

பாரம் குறையும் என்று மட்டும் நினைத்தான். கல்லை எடுக்கச் சொல்லி, வண்டியைப் பின்னால் உருளவிட்டு, அகலமான இடத்தில் மூக்கைக் கீழே திருப்பினான். இறங்கி, எஞ்சினைக் கிளப்பும் கம்பியைச் சுழற்றினான். மூன்றாம் சுற்றில் எஞ்சின் பிடித்தது.

கழுத்தை முறுக்கிப் பின்னால் பார்த்தபடி ஏறினான். பனி இறங்கியிருந்தது. பாதை தெரியவில்லை. மேலே சங்கையாவின் வெள்ளைத் தலைப்பாகை மட்டும் அவர் கையில் ஆடியது.

"எடது... எடது... ஐயோ, என் எடது இல்லவே, உம்ம எடது!"

ஒரு சக்கரம் விளிம்பில் மண்ணை உதிர்த்தது. மண் விழுந்த சத்தம் கேட்கவே இல்லை.

பின்புறமாக வந்து நின்ற காரைப் பார்த்துத் துரை சிரித்தார். குச்சியை அவரே விட்டுப் பார்த்தார். நுனி நனைந்திருந்தது. நல்லது என்றார். நாளையிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு கேலன், அதற்கு மேல் ஸ்டோரில் கொடுக்காதே என்று சங்கையாவிடம் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"நாளைக்கும் அந்த ஏத்தத்துக்கு மட்டும் வாறியளாய்யா?" என்று ஆசீர்வாதம் கேட்டான்.

"அந்நேரம் எனக்குக் கொழுந்து நிறுவை." கருவாட்டை எடுத்துக்கொண்டார். "தொரைக்குத்தான் நம்பிக்கை வந்திட்டே. எனக்கு வரல."

அறையில் கத்தரீனாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய கொழுந்துக் கூடை. அறுந்த கயிற்றைப் புதிதாக முடிந்துகொண்டிருந்தாள்.

"அறை இருக்கா?"

"இருக்கு."

கூடையை மூலையில் வைத்தாள். "ஏன் கழுத்த ஒரு பக்கமா வச்சிருக்கிய?"

திருப்பிப் பார்த்தான். திரும்பவில்லை. நடந்ததைச் சொன்னான். வெளியே தூறல் தொடங்கியிருந்தது. மழைக்காலத்துக்கு இன்னும் பத்து நாள்தான்.

"நாளைக்கு வழி காட்ட யாரு நிப்பா?"

அவன் கழுத்தைத் தேய்த்தான்.

"மூணு பர்லாங்தான?"

"ஏத்தம்."

அவள் எழுந்தாள். பெட்டியைத் திறந்து ஒரு துணியை எடுத்து உதறினாள். அதற்கே மூச்சு வாங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அது அடங்கும்வரை நின்றாள்.

"இந்த வெள்ளை பனியில தெரியுமா?" என்றாள்.