கனத்த பெம்பர்ஸ்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எல்லாரும் சரி என்று ஒதுக்கிய தாளைத்தான் இன்னொரு தடவை படிப்பேன். மலேசியாவின் யோங் பெங் பக்கம் ஒரு சின்ன மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் டாக்டராகச் சேர்ந்து ஏழு மாதம்தான். அதற்குள் தாதி லூசி எனக்கு 'நோண்டி' என்று பெயர் வைத்துவிட்டார்.

அன்று காலை இரண்டு வயது கவினேஷை வீட்டுக்கு அனுப்பத் தாள் தயாராக இருந்தது. மூன்று நாள் வயிற்றுப்போக்கு, காய்ச்சல். வாந்தி நின்றுவிட்டது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன் அப்பா வசந்தனுக்கு அன்றோடு லீவு முடிகிறது.

"மூச்சா நல்லாத்தான் போறான் டாக்டர். பெம்பர்ஸ் கல்லு மாதிரி கனக்குது" என்றார் அம்மா ரூபினி, மகன் இடுப்பிலிருந்த டயாப்பரைத் தட்டிக் காட்டி.

ரத்தப் பரிசோதனைத் தாளில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 58. சிவப்புக் குறி எதுவும் இல்லை. ஆனால் அதில் அச்சாகியிருந்த இயல்பான அளவு பெரியவர்களுக்கானது. இந்தப் பொடியனுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? பழைய கோப்பைத் தேடி எடுத்தேன். போன வருடம் டெங்கிக் காய்ச்சலோடு படுத்திருந்தபோது 24. இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. இப்படியே அனுப்பினால் சிறுநீரகம் செயலிழந்துதான் திரும்பி வருவான்.

அப்படியானால் சிறுநீர் குறைந்திருக்க வேண்டுமே, பெம்பர்ஸில் அந்தக் கனம் எங்கிருந்து வந்தது? லூசியிடம் சொல்லி, சிறுநீர் பிடிக்கும் பை ஒன்றை அவனுக்கு ஒட்டி, மேலே புது பெம்பர்ஸ் கட்டினோம். மதியம் அவிழ்த்தபோது பெம்பர்ஸ் கனத்தது. பை காய்ந்து கிடந்தது. அத்தனை கனமும் தண்ணீராய்ப் போன மலம்.

"காய்ச்சலுக்கு என்னக்கா குடுத்தீங்க?"

வசந்தன் பெருமையாகத் தோள்பையிலிருந்து ஒரு சிரப்பை எடுத்தார். "சிங்கப்பூர் மருந்து டாக்டர், ஸ்ட்ரோங்கா இருக்கும். கிளினிக் மருந்தோட இதையும் குடுத்தோம். இங்க வந்தும் குடுத்தோம்லா."

ஐபுப்ரோஃபென். உடம்பில் நீர் வற்றிய குழந்தையின் சிறுநீரகத்தை அது இன்னும் கெடுக்கும். எனக்குக் கோபம் வந்தது. பாதி அவர் மேல், பாதி முதல் நாளே கேட்காத என் மேல்.

"நாளைக்கு வேலைக்குப் போலன்னா சூப்பர்வைசர் கத்துவான் டாக்டர்."

"கத்தட்டும் அண்ணே. பையன் இங்கதான் இருக்கணும்."

சிரப்பை நிறுத்தினோம். பெரிய டாக்டரைக் கேட்டு அளவாக டிரிப் ஏற்றினோம். மறுநாள் காலை லூசி கூப்பிட்ட சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது.

"நோண்டி, ஓடி வா!"

கவினேஷுக்கு ஒட்டியிருந்த பையின் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் சிறுநீர். ரூபினி அழுதுவிட்டார். வசந்தன் போனை எடுத்து அதைப் படம் பிடித்தார்.

"யாருக்கு அண்ணே?"

"சூப்பர்வைசருக்கு. ஏன் வரலன்னு கேட்டான். பையன் மூச்சா போகாம இருந்தான், இதான் காரணம்னு அனுப்பிட்டேன்."

உடனே பதில் வந்தது. வசந்தன் படித்துவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். திட்டு எதுவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான்: எத்தனை மில்லி?

நான் அளந்து சொன்னேன். நாற்பத்திரண்டு.